பாதையோடு வந்த ஊர், பாதையோடு போன ஊர்: தனுஷ்கோடி சொல்லும் கணக்கு

தலைமன்னார் பழைய இறங்குதுறையில் நின்று மேற்கே பார்த்தால் கடல் மட்டுமே தெரியும். அந்தக் கடலுக்கு அப்பால், சுமார் 30 கிலோமீற்றர் தூரத்தில், இந்தியாவின் கடைசி நிலத்துண்டு இருக்கிறது. அரிச்சல்முனை என்பது அதன் பெயர். அதற்குச் சற்று உள்ளே தனுஷ்கோடி.

இந்தப் பெயர்களை எங்களில் பலர் வரைபடத்தில் பார்த்துப் படிக்கவில்லை. இரவில் படகேறிய பெற்றோரிடமிருந்தும், மண்டபம் முகாமில் பதிவு எடுத்த உறவினரிடமிருந்தும் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஆனால் நாங்கள் கரையேறிய அந்த ஊரில் யார் இருக்கிறார்கள், அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று அதிகம் யோசித்ததில்லை.

ஒரு கிராமத்தைப் பற்றி எந்த அரசாங்கப் பதிவேடும் முதலில் எழுதுவது இரண்டு விடயங்களை. ஒன்று, அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள். மற்றது, அங்கே எப்படிப் போவது. இந்தியாவின் மாவட்டக் குடிசன மதிப்பீட்டுக் கையேடுகளில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு வரி இருக்கும். சனத்தொகை, வீடுகள், பாடசாலை, மருத்துவ நிலையம், பஸ், புகையிரத நிலையம் என அந்த வரி நீளும். ஊரில் இல்லாத வசதி எவ்வளவு தூரத்தில் கிடைக்கும் என்பதும் அதில் குறிக்கப்படும்.

தனுஷ்கோடியைப் பொறுத்தவரை இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றோடு ஒன்று பின்னியவை. பாதை வந்தபோது அங்கே சனம் வந்தது. பாதை போனபோது சனமும் போனது. அந்தக் கதையில் எங்களுடைய கதையும் கலந்திருக்கிறது.

ஊர் எங்கே இருக்கிறது?

தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில், பாம்பன் தீவில் இராமேஸ்வரம் இருக்கிறது. இராமேஸ்வரம் நகரத்திலிருந்து தென்கிழக்கே ஒரு ஒடுங்கிய மணல் நாக்கு கடலுக்குள் நீள்கிறது. அந்த நாக்கின் நுனிப்பகுதிதான் தனுஷ்கோடி. நகரத்திலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீற்றர்.

வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. சில இடங்களில் வீதியில் நின்றபடியே இரண்டு கடல்களையும் பார்க்கலாம். வடக்குக் கடல் பெரும்பாலும் அமைதியானது என்பதால் மீனவர்கள் அதைப் பெண்கடல் என்பார்கள். தெற்குக் கடல் அலையடித்துக்கொண்டிருக்கும். அது ஆண்கடல். அரிச்சல்முனைக்கு அப்பால் தலைமன்னார் வரை மணல் திட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. இராமர் பாலம், ஆதாம் பாலம் என்று சொல்லப்படுவது இந்தத் திட்டுகளைத்தான்.

வயலுக்கோ தோட்டத்துக்கோ ஏற்ற மண் அல்ல அது. அப்படியிருக்க அங்கே ஒரு துறைமுக ஊர் எப்படி வந்தது?

பாதை கட்டிய ஊர்

இந்தியாவையும் இலங்கையையும் புகையிரதத்தால் இணைக்க வேண்டும் என்ற யோசனை 19ஆம் நூற்றாண்டிலேயே பிரித்தானிய ஆட்சியாளர்களுக்கு இருந்தது. மலையகத் தோட்டங்களுக்குத் தொழிலாளர்கள் வேண்டும். தேயிலையும் மற்றைய சரக்குகளும் போய்வர வேண்டும். கடல் முழுவதற்கும் பாலம் கட்டச் செலவு அதிகம் என்பதால், பாம்பன் வாய்க்காலில் மட்டும் பாலம் கட்டி, மீதித் தூரத்தைக் கப்பலில் கடப்பது என்று முடிவானது.

சுமார் 2 கிலோமீற்றர் நீளமான பாம்பன் பாலம் 1914 பெப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. அதன்பிறகு சென்னை எழும்பூரில் ஒரே பயணச்சீட்டை வாங்கிக்கொண்டு கொழும்பு கோட்டை வரை வரலாம் என்ற நிலை உருவானது. எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை புகையிரதம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரை நீராவிக் கப்பல். தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கு மீண்டும் புகையிரதம். 'போட் மெயில்' என்று எங்கள் பெரியவர்கள் சொல்வது இந்தச் சேவையைத்தான்.

வயலோ தொழிற்சாலையோ இல்லாத அந்த மணலில் இறங்குதுறை, புகையிரத நிலையம், சுங்க அலுவலகம், தபால் தந்தி அலுவலகம், வைத்தியசாலை, பாடசாலை, தேவாலயம் எல்லாம் எழுந்தன. புகையிரத ஊழியர்கள், சுங்க அதிகாரிகள், சுமை தூக்குவோர், கடைக்காரர்கள், மீனவர்கள் அங்கே குடியிருந்தார்கள். பயணிகள் வந்து போனதால்தான் அந்த ஊருக்குச் சோறு கிடைத்தது.

இந்தப் பாதையின் இன்னொரு முகத்தையும் மறக்கக் கூடாது. தோட்டங்களுக்கு அழைத்து வரப்பட்ட தொழிலாளர்கள் முதலில் மண்டபத்தில் தடுத்து வைக்கப்பட்டார்கள். நோய் பரவாமல் இருக்க என்று இலங்கை அரசாங்கமே இந்திய மண்ணில் நடத்திய தனிமைப்படுத்தல் முகாம் அது. பல தசாப்தங்களுக்குப் பிறகு போரிலிருந்து தப்பிப் போனவர்களை இந்தியா பதிவு செய்ததும் அதே மண்டபத்தில்தான். எங்கள் மக்கள் போன திசையும் காரணமும் மாறின. முகாம் இருந்த ஊர் மாறவில்லை.

1964 டிசெம்பர்

1964 டிசெம்பர் மூன்றாம் வாரத்தில் அந்தமான் கடலின் தென்பகுதியில் உருவான தாழமுக்கம் சூறாவளியாக வலுத்தது. 22ஆம் திகதி அது இலங்கையின் வடபகுதியைக் கடந்தது. திருகோணமலை, வவுனியா, மன்னார்ப் பகுதிகளில் உயிர்களையும் சொத்துகளையும் அழித்துவிட்டு, அன்றிரவு தனுஷ்கோடியை அடைந்தது.

பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653ஆம் இலக்கப் பயணிகள் புகையிரதம் ஊரை நெருங்கிய வேளையில், கடல் எழுந்து வந்து அதை மூடியது. அதில் 110 பயணிகளும் 5 ஊழியர்களும் இருந்ததாகப் பதிவு சொல்கிறது. பயணச்சீட்டு இல்லாமல் ஏறியவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. அலைகள் சுமார் 7 மீற்றர் உயரத்துக்கு எழுந்ததாகக் கூறப்படுகிறது. விடிந்தபோது ஊர் பெரும்பாலும் மணலுக்கும் தண்ணீருக்கும் அடியில் கிடந்தது. இரு நாடுகளிலும் இறந்தவர்கள் சுமார் 1,800 பேர் என மதிப்பிடப்படுகிறது. சரியான எண்ணிக்கை இன்றுவரை இல்லை. ஆட்களின் பெயர்களும் அவற்றைப் பதிந்திருந்த ஏடுகளும் ஒன்றாகப் போய்விட்டால் யாரை வைத்து எண்ணுவது? இந்தக் கேள்வியை எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அதன்பிறகு எடுக்கப்பட்ட முடிவுகள் கவனிக்கத் தக்கவை. பாம்பன் பாலத்தின் பெரும்பாலான இரும்புத் தளங்களைக் கடல் கொண்டு போயிருந்தது. இளம் பொறியியலாளர் இ. ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாட்களில் பாலத்தைச் சீர்செய்தது. இராமேஸ்வரத்துக்குப் புகையிரதம் மீண்டும் ஓடியது. ஆனால் இராமேஸ்வரத்துக்கு அப்பால் தனுஷ்கோடி வரை இருந்த தண்டவாளம் மீண்டும் போடப்படவில்லை. தலைமன்னார்க் கப்பலின் இந்தியத் துறையும் இராமேஸ்வரத்துக்கு மாற்றப்பட்டது. தனுஷ்கோடி வாழத் தகுதியற்ற இடம் என அன்றைய சென்னை மாநில அரசு அறிவித்தது.

ஊரை இடித்தது புயல்தான். ஆனால் அது மீண்டும் எழாமல் போனதற்குப் புயல் மட்டும் காரணமில்லை. புகையிரதமும் கப்பலும் வேறு இடத்துக்குப் போன பிறகு சுங்க அதிகாரிக்கோ கடைக்காரருக்கோ அங்கே வேலை இல்லை. திரும்பி வந்தவர்கள் கடலைத் தவிர வேறு தொழில் இல்லாத மீனவர்கள் மட்டுமே.

எஞ்சியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

இடிந்த தேவாலயத்துக்கும் புகையிரத நிலையத்துக்கும் பக்கத்தில், பனையோலைக் குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் அன்றிலிருந்து வாழ்ந்து வருகின்றன. நாட்டுப்படகும் கரைவலையும்தான் அவர்களது தொழில். குடிதண்ணீருக்கு மணலில் ஆழமில்லாத குழி தோண்டுவார்கள். இரண்டு பக்கமும் உப்புக்கடல் இருந்தாலும், மணலுக்குள் தேங்கும் மழைநீர் ஊறி வரும். பெண்கள் அதைச் சிரட்டையாலோ சிறு பாத்திரத்தாலோ கோலிக் குடத்தில் நிரப்புவார்கள்.

வாழத் தகுதியற்ற இடம் என்று ஒருமுறை எழுதப்பட்டுவிட்டால், அங்கே மின்கம்பம் நடுவதற்கும் வீடு கட்டிக் கொடுப்பதற்கும் அதிகாரிகளுக்குக் காரணம் கிடைப்பதில்லை. பல தசாப்தங்களாக அங்கே மின் இணைப்பு வரவில்லை. சூரியக் கலங்களை வைத்துத்தான் வெளிச்சம். பிள்ளைகளுக்கு ஒரு நடுநிலைப் பாடசாலை இருக்கிறது. அதற்கு மேல் படிக்க இராமேஸ்வரம் போக வேண்டும்.

2017 வரை வீதி முகுந்தராயர் சத்திரத்தோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் மணலிலும் ஆழமில்லாத தண்ணீரிலும் ஓடக்கூடிய வான்களும் மீன் லொறிகளும் மட்டுமே. பிடித்த மீனை நேரத்துக்குச் சந்தைக்குச் சேர்க்க முடியாவிட்டால் விலை வியாபாரியின் கையில். ஒரு கர்ப்பிணியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதென்றால் அந்த நேரத்தில் வாகனம் கிடைக்க வேண்டும். போக்குவரத்து இல்லை என்று பதிவேட்டில் ஒரு சொல்லில் எழுதிவிடலாம். ஊரில் அது இப்படித்தான் இருக்கும்.

எங்கள் ஆட்கள் வந்த வழி

சூறாவளிக்கு இரண்டு மாதங்கள்கூட ஆகாத முன்னர், 1964 ஒக்டோபர் 30 அன்று, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. மலையகத் தமிழர்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது என்றும், 3 இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது என்றும், மீதிப்பேர் பற்றிப் பின்னர் தீர்மானிப்பது என்றும் இரு அரசாங்கங்களும் கணக்குப் போட்டன. அந்தக் கணக்கில் அடங்கியவர்கள் பெட்டி படுக்கையோடு தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். 'இராமானுஜம்' கப்பலை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் இரு கரைகளிலும் உண்டு.

1980களின் முற்பகுதியில் போர்ச் சூழலால் அந்தக் கப்பலும் நின்றது. 1990இல் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் இல்லாமல் போனது. சட்டப்படி கடக்க வழி இல்லாமல் போன காலத்தில்தான் எங்கள் மக்களுக்கு அந்தக் கடலைக் கடக்க வேண்டிய தேவை மிக அதிகமாக இருந்தது.

1983 ஜூலைக்குப் பின்னர் அலை அலையாக 3 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டுக்குப் போனதாக அந்த மாநில அரசின் பதிவுகள் சொல்கின்றன. அவர்களில் பலரின் முதல் அடி இந்த மணலில்தான் விழுந்தது. சிலரை ஓட்டிகள் திட்டுகளிலேயே இறக்கிவிட்டு, இதுதான் இந்தியா என்று சொல்லித் திரும்பிப் போனார்கள். தண்ணீரும் நிழலும் இல்லாத திட்டில் மீனவர்களோ கடலோரக் காவற்படையோ காணும் வரை அவர்கள் காத்திருந்தார்கள். கரை சேராமல் கடலோடு போனவர்களும் உண்டு.

போர் முடிந்த பிறகும் இது நிற்கவில்லை. பொருளாதார நெருக்கடி உச்சத்துக்கு வந்த 2022 மார்ச்சில், வடபகுதியைச் சேர்ந்த 16 பேர் ஒரே நாளில் அந்தக் கரையை அடைந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் அரிச்சல்முனைக்கு அருகிலுள்ள திட்டு ஒன்றிலிருந்து மீட்கப்பட்டார்கள்.

தனுஷ்கோடி மீனவர்களைப் பற்றிப் பேசும்போது ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். எங்கள் வடபகுதி மீனவர்களின் வலைகளை அறுக்கும் இழுவைப் படகுகள் பெரும்பாலும் இராமேஸ்வரம் போன்ற பெரிய துறைகளிலிருந்து வருபவை. இழுவை மடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்தது. அந்தப் பிரச்சினை உண்மையானது. ஆனால் தனுஷ்கோடிக் குடிசைகளில் வாழும் நாட்டுப்படகு மீனவரின் நிலை எங்கள் சிறு மீனவரின் நிலையிலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல.

வீதி வந்தது, யாருக்காக?

2017 ஜூலை 27 அன்று முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையான 9.5 கிலோமீற்றர் வீதி திறக்கப்பட்டது. சூறாவளிக்கு 52 வருடங்களுக்குப் பிறகு கடைசி முனை வரை வாகனம் போகும் வழி வந்தது. இப்போது இராமேஸ்வரத்திலிருந்து அரசுப் பேருந்து போகிறது. பாம்பனில் 1988இல் திறந்த வீதிப் பாலம் இருக்கிறது. பழைய புகையிரதப் பாலத்துக்குப் பதிலாக, நடுப்பகுதி செங்குத்தாக உயரும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது.

வீதியால் ஊருக்கு நன்மை இல்லை என்று சொல்ல முடியாது. மீன் வேகமாகச் சந்தைக்குப் போகிறது. நோயாளியை வாகனத்தில் ஏற்றலாம். சுற்றுலாப் பயணிகளை நம்பிப் பொரித்த மீன், சங்கு, சோகி விற்கும் கடைகள் வந்துள்ளன. ஆனால் பகலில் ஆயிரக்கணக்கில் வரும் பயணிகள் மாலையில் திரும்பிவிடுகிறார்கள். ஊரவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். தேசிய நெடுஞ்சாலை வந்துவிட்டது என்பதால் மட்டும் குடிசை இருக்கும் காணிக்கு உறுதி வந்துவிடாது. இராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்குப் புதிய புகையிரதப் பாதை அமைக்க 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டது. தண்டவாளம் வரவில்லை.

இதை வாசிக்கும்போது உங்களுக்கு வேறு ஊர்கள் நினைவுக்கு வரலாம். 2009க்குப் பிறகு வடக்கில் முதலில் வந்தது வீதிதான். காபட் போட்ட வீதியில் போய் இறங்கினால், தன் காணிக்கு முன்னால் முட்கம்பி வேலியைக் கண்டவர்கள் எங்களில் எத்தனை பேர்? வீதி வந்ததை மீள்குடியேற்றம் முடிந்ததற்கான சான்றாகக் காட்டுவது இரு நாடுகளிலும் நடக்கிறது.

எண்ணப்படாமல் போவது

சரி, தனுஷ்கோடியின் சனத்தொகை எவ்வளவு? அந்த ஊருக்கென்று தனி வரி கிடையாது. இன்று அது இராமேஸ்வரம் நகராட்சிக்குள் அடங்குகிறது. 2011 கணக்கெடுப்பின்படி இராமேஸ்வரத்தின் சனத்தொகை 44,856. குடிசையில் இருக்கும் மீனவரும் கோயில் வீதியில் விடுதி நடத்துபவரும் அந்த ஒரே எண்ணுக்குள் இருக்கிறார்கள். நகரத்தில் புகையிரத நிலையம் உண்டு, வைத்தியசாலை உண்டு. ஆகவே பதிவேட்டின்படி தனுஷ்கோடிக்காரருக்கும் அவை உண்டு. 18 கிலோமீற்றர் தூரம் அந்தக் கணக்கில் மறைந்துபோகிறது.

2021இல் நடக்க வேண்டிய இந்தியக் கணக்கெடுப்பு பிற்போடப்பட்டு, 2027 மார்ச் 1ஐ அடிப்படைத் திகதியாகக் கொண்டு நடத்தப்படும் என அறிவிக்கப்பட்டுள்ளது. இலங்கையிலும் போரினால் 1991இல் குடிசன மதிப்பீடு நடக்கவில்லை. 2001இல் 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக நடந்தது. வடக்கு, கிழக்கின் பெரும்பகுதி மக்கள் முப்பது வருடங்கள் ஒழுங்காக எண்ணப்படவில்லை. எத்தனை பேர் இருந்தார்கள் என்பது தெரியாவிட்டால், எத்தனை பேர் இல்லாமல் போனார்கள் என்பதையும் நிறுவ முடியாது. முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு இறந்தவர்களின் எண்ணிக்கை பற்றிய விவாதம் இன்றுவரை முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

திரும்பி வரும் வழி

2021இல் தமிழ்நாட்டு அரசு வெளியிட்ட விபரப்படி, 108 முகாம்களில் 58,822 பேரும் முகாம்களுக்கு வெளியே 34,087 பேரும் இருந்தார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்து இலங்கையைக் கண்டிராத பிள்ளைகளும் அதில் அடக்கம். 1987 ஜூலை 1க்கு முன்னர் இந்திய மண்ணில் பிறந்தவர்களை அந்நாட்டுச் சட்டம் பிறப்பால் குடியுரிமை பெற்றவர்களாகக் கொள்கிறது. அதற்குப் பின்னர் பிறந்தவர்களுக்கு அந்த வழி இல்லை.

திரும்பி வர விரும்புபவர்களுக்கு வழி எது? விமானத்தில் வரலாம். ஆனால் முப்பது வருட வாழ்க்கையை விமானத்தின் பொதி எடைக்குள் அடக்க முடியாது. தையல் இயந்திரமும் பாத்திரங்களும் சைக்கிளும் கொண்டு வரக் கப்பல் வேண்டும். தலைமன்னார்ப் புகையிரதப் பாதை 2015 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டது. நாகபட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடியது. இராமேஸ்வரம் - தலைமன்னார் கப்பலை மீளத் தொடங்குவதும், இரு நாடுகளையும் தரைவழியாக இணைப்பது பற்றி ஆராய்வதும் 2023 ஜூலையில் வெளியான இரு அரசாங்கங்களின் கூட்டு ஆவணத்தில் இருக்கின்றன.

கப்பல் வந்தால் மட்டும் போதுமா என்பது அடுத்த கேள்வி. 2025 மே மாதம், ஐ.நா. அகதிகள் நிறுவனத்தின் உதவியோடு தமிழ்நாட்டிலிருந்து திரும்பிய முதியவர் ஒருவர் பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். பல வருடங்களுக்கு முன் அனுமதியின்றி நாட்டை விட்டுப் போனார் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு அவர் விடுவிக்கப்பட்டார். குண்டுக்குத் தப்பி இரவில் படகேறியவரிடம் கடவுச்சீட்டில் முத்திரை எங்கே என்று கேட்கும் சட்டம் மாற்றப்படாவிட்டால், கப்பலில் ஏறவே பலர் பயப்படுவார்கள்.

பாலம், கப்பல், புகையிரதம் பற்றிய பேச்சுகள் இனியும் வரும். அவற்றை எதிர்க்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் நாங்கள் கேட்க வேண்டியவை சில உண்டு. இந்த வழியில் சரக்கும் சுற்றுலாவும் மட்டும் போகுமா, பெட்டி படுக்கையோடு ஒரு அகதிக் குடும்பமும் வரலாமா? வந்து இறங்குபவருக்குக் காணியும் அடையாள அட்டையும் யார் கொடுப்பார்கள்? அரிச்சல்முனையிலும் தலைமன்னாரிலும் ஏற்கனவே வாழும் சிறு மீனவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது?

1914இல் பாதை போட்டவர்கள் இந்தக் கேள்விகளைக் கேட்கவில்லை. 1964இல் பாதை வேறு இடத்துக்குப் போனபோது, தனுஷ்கோடியில் எஞ்சியவர்கள் மணலில் குழி தோண்டித் தண்ணீர் எடுத்தார்கள். வீதி வந்த பிறகும் அங்கே குடத்தோடு காத்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள்.